லண்டன் குழந்தை சீற் வேகன் ஆர் காருக்குச் சரிவருமா?

பாலைநிழல் (கிளிநொச்சி):
மகளுக்கு 6 மாதம், கிளினிக் கொப்பியில 7 கிலோ. லண்டனில மச்சாள் பாவிச்ச சீற் ஒண்டு கார்கோவில வந்திருக்கு. கைபிடி வைச்சுத் தூக்குற வகை, விளக்கப் புத்தகம் இல்லை. வாகனம் ஜப்பான் வேகன் ஆர், ஓட்டம் வவுனியா வரை. பெல்ற்றால கட்டினால் போதுமா? பிள்ளையின்ர கால் முட்டுது, முன்னுக்குப் பார்க்கத் திருப்பலாமோ?

கனகராயன்:
திருப்பாதேங்கோ தங்கச்சி. கைபிடி வகை பின்பக்கம் பார்த்து வைக்கிறதுக்கு மட்டும்தான். கால் மடங்கிறது பிழையில்லை. தலை உச்சி சீற்றின்ர விளிம்பைத் தாண்டினால்தான் சீற் சின்னன். இல்லாட்டி ஒட்டியில போட்டிருக்கிற நிறை தாண்டவேணும், கைக்குழந்தைக்கான 0+ வகை எண்டால் அது 13 கிலோ.

முதல்ல சீற்றைக் கவிட்டுப் பாருங்கோ. செம்மஞ்சள் ஒட்டியில வட்டத்துக்குள்ள E இருக்கும். பக்கத்தில R44 அல்லது R129 எண்டு பாதுகாப்புத் தரம் போட்டிருக்கும். R44 எண்டால் அனுமதி இலக்கம் 03 அல்லது 04 இல தொடங்கவேணும். R129 புதிசு, அதில நிறையோட உயரமும் பார்க்கவேணும். பிளாஸ்ரிக்கில வெள்ளைக் கோடு ஓடியிருந்தாலோ, துணிக்குக் கீழ றிஜிபோம் வெடிச்சிருந்தாலோ, விபத்தில பட்டதோ எண்டு தெரியாட்டிலோ, அந்தச் சீற் வேண்டாம். காசு பார்க்கிற இடமில்லை இது.

கட்டேக்க நீலக் கொக்கிகளைப் பிடியுங்கோ. மடிப் பெல்ற் பிள்ளையின்ர கால்பக்கத்தால ரெண்டு கொக்கிக்குள்ளயும் போகும், தோள் பெல்ற் சீற்றின்ர முதுகைச் சுத்தி வரும். கனபேர் ரெண்டையும் முன்னாலயே விட்டிடுவினம், பிறேக் அடிக்க சீற் உருளும். கட்டின பிறகு பெல்ற் போற இடத்தில பிடிச்சு ஆட்டுங்கோ, ஒரு அங்குலத்துக்கு மேல அசையக்கூடாது.

செம்மண்:
பிள்ளையின்ர வார் தோள் மட்டத்தில அல்லது கொஞ்சம் கீழ இருந்து வரவேணும். இறுக்கின பிறகு தோளடியில வாரைக் கிள்ளுங்கோ. மடிப்புப் பிடிபட்டால் தளர்வு. முதுகுக்குப் பின்னால துவாய் வைக்காதேங்கோ, தளர்வுக்கு அதுதான் பாதிக் காரணம்.

வழியில முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில கற்பூரம் கொளுத்த எல்லாரும் இறங்கிறதுதானே, பிள்ளையையும் வெளிய எடுங்கோ. திரும்ப வைக்கேக்க வாரை மறுபடி இறுக்கவேணும், அதைத்தான் மறக்கிறது. வெயிலில நிண்ட வாகனம் எண்டால் வாரைப் பூட்டுற கொளுக்கியைப் புறங்கையால தொட்டுப் பார்த்திட்டுப் போடுங்கோ.

புழுதி போய்க் கொளுக்கி 'கிளிக்' சொல்லாட்டி இளஞ்சூட்டுத் தண்ணியில அலசிக் காயவிடுங்கோ. தையல் மெசின் எண்ணெய் விட்டால் புழுதி இன்னும் ஒட்டும்.

பாலைநிழல்:
கட்டிப் பார்த்தன். முதுகைச் சுத்தினால் பெல்ற் நாலு விரல் குறையுது. முன்சீற் பெல்ற் நீளம். இல்லாட்டி மடியில வைச்சிருக்கவோ?

கனகராயன்:
மடி வேண்டாம். 50 கிலோமீற்றர் வேகத்தில போற கார் 0.1 விநாடியில நிண்டால், 7 கிலோப் பிள்ளை கிட்டத்தட்ட 100 கிலோ பாரத்தில கையை உதறும். ரெண்டு சீமெந்து மூட்டை. ஆராலும் பிடிக்கேலாது.

முன்சீற்றுக்கு முன்னால எயர்பாக் இருந்தால் அங்கயும் வைக்கேலாது, அது விரிஞ்சு சீற்றின்ர முதுகில அடிக்கும்.

பின்சீற் மடிப்புக்குள்ள கையை விட்டுப் பாருங்கோ, ரெண்டு இரும்புக் கம்பி தட்டுப்பட்டால் ஐசோஃபிக்ஸ், அதாவது பெல்ற் இல்லாமல் பூட்டுற வசதி, இருக்கு. சீற்றுக்குக் கீழ வைச்சு அந்தக் கம்பியில பூட்டுற, அதே மொடலுக்குரிய அடித்தட்டை மச்சாளிட்டக் கேளுங்கோ, வேற மொடல் தட்டு பூட்டாது. கம்பியும் இல்லையெண்டால் இந்தச் சீற் இந்தக் காருக்கு இல்லை.