நான்காம் வடிகட்டிக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர், மட்டக்களப்பு:
எல்லோருக்கும் வணக்கம். உயர்தர ஊடகக் கற்கைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். செய்தி மக்களிடம் வருமுன் அதைச் சலித்துவிடும் ஐந்து வடிகட்டிகள் என்று அமெரிக்க அறிஞர்கள் ஹேர்மனும் சோம்ஸ்கியும் 1988இல் சொன்னவற்றில் உரிமை, விளம்பரம், செய்தி மூலம் மூன்றும் சுகமாகத் தமிழில் வந்துவிட்டன. நான்காவது 'ஃபிளாக்' (flak), அதாவது ஊடகத்தைப் பணியவைக்க வரும் கண்டனத் தாக்கு. அதில் மாட்டிக்கொண்டேன். 'விமர்சனம்' என்று போட்டால் உப்புச்சப்பில்லை. 'பிளக்' என்று எழுதினால் பிள்ளைகள் சுவரில் தேடுவார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கல்முனை:
தங்கச்சி, முதலில் வேரைப் பாருங்கள். அது விமான எதிர்ப்புப் பீரங்கியின் நீண்ட ஜெர்மன் பெயரைச் சுருக்கியது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளிடம் புழங்கி, பிறகு கடும் கண்டனத்துக்கு ஆகிவந்தது. தொல்காப்பியர் 'கடி' என்னும் உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள் சொல்கிறார். கூர்மை, மிகுதி, அச்சம் மூன்றும் இங்கே பொருந்தும். 'காப்பு' என்றும் பொருளுண்டு. பீரங்கியும் ஊரைக் காக்கத்தானே சுடுகிறது! ஆகவே 'கடியுரை'.

ஊடகப் பாட ஆசிரியர், அக்கரைப்பற்று:
சேர், என் வகுப்பில் 'கடி' என்றால் நுளம்புக்கடி, இல்லாவிட்டால் கடி ஜோக். 'ஏச்சு' என்று போடுங்கள். விளக்கமே தேவையில்லை.

மொழிபெயர்ப்பாளர்:
நானா, ஏச்சு வாயோடு போய்விடும். இது அப்படியல்ல. ஒரு செய்தி வந்ததும் ஆசிரியருக்குக் கடிதம், தொலைபேசி, மனு, வழக்கு, நாடாளுமன்றத்தில் பேச்சு என்று நாலு பக்கத்தாலும் வரும். அடுத்த முறை அந்த விஷயத்தைத் தொடவே அவர் யோசிப்பார். கோபம் உண்மையாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை; காசும் ஆளும் உள்ளவர்கள் அதைக் கிளப்பிவிடலாம்.

வாசகர், காரைதீவு:
அப்படியென்றால் 'வசைமாரி'. கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்ற இரு கட்சியும் பாடாத வசையா? இல்லையென்றால் 'சொற்கணை'. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை வகித்த விபுலாநந்த அடிகள் எங்கள் ஊர் என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

ஊடகப் பாட ஆசிரியர்:
அடிகள் உங்கள் ஊர் என்பதால் சொல் சரியாகிவிடாது. கொம்புமுறியில் ஒரு சேரி பாடினால் மற்றச் சேரி திருப்பிப் பாடும், வாயை அடைப்பதற்காகப் பாடுவதில்லை. கணையும் வேண்டாம். எறிகணைச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாடத்தில் இன்னொரு கணை எதற்கு?

தமிழாசிரியர்:
'இடிப்புரை'? 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்' என்று குறளே இருக்கிறதே.

மொழிபெயர்ப்பாளர்:
சேர், அங்கே இடிப்பவர் மன்னனின் நன்மைக்கு இடிக்கிறார். இவர்கள் ஆசிரியரைப் பணியவைக்க இடிக்கிறார்கள். 'நெருக்குரை' சரிவருமா? நெருக்கும் உரை. வினைத்தொகை, ஒற்றுப் பிரச்சினையும் இல்லை.

தமிழாசிரியர்:
இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் வழக்கு உரையா? மனு உரையா? 'நெருக்குகை' என்றால் இன்னும் திருத்தம். கடியுரையை நான் கைவிட்டதாக யாரும் எண்ணவேண்டாம்.

வாசகர், காரைதீவு:
நெருக்குரைக்கே என் வாக்கு. இரவு பதினொரு மணியாகிறது.

ஊடகப் பாட ஆசிரியர்:
எனக்கு உடன்பாடில்லை. நெருக்குரை என்றால் கல்முனை பஸ்ஸில் கண்டக்டர் 'உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க' என்பதுதான். நான் 'ஏச்சு' என்றே படிப்பிப்பேன்.

மொழிபெயர்ப்பாளர்:
நெருக்குரை என்றே அனுப்புகிறேன். அடைப்புக்குள் 'ஃபிளாக்'கும் இருக்கும். ஐந்தாவது வடிகட்டிக்கு 'கம்யூனிச எதிர்ப்பு' போதும்தானே? 'பொதுவுடைமை' என்று யாரும் தொடங்கிவிடாதீர்கள்.