மறுமொழி: குறைகுளிரா, மீக்குளிரா, உறையாக்குளிரா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத ‘அண்டர்கூல்டு லிக்விட்’டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் ஐயா நேற்று எழுதியது:

> அண்டர்கூல்டு லிக்விட் என்பதில் ‘அண்டர்’ இருக்கிறது. ஆகவே ‘குறைகுளிர் நீர்மம்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, உங்கள் கலைச்சொல் பட்டியலிலிருந்து நான் எடுத்தாண்ட சொற்கள் நூற்றுக்கும் மேல். ஆனால் இந்தச் சொல்லை வகுப்பில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறைப்பிரசவம், குறைமாதம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை ‘குறைகுளிர்’ என்றால் போதுமான அளவு குளிராதது என்றுதான் எடுத்துக்கொள்ளும். நடப்பதோ நேர்மாறு. உறைநிலைக்கும் கீழே போன பிறகும் திடமாகாமல் நீர்மமாகவே நிற்கிறது. ‘குறைகுளிர்வு கூடக் கூட’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், சிக்கல் தெரியும்.

‘மீக்குளிர்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே என்று வேறொருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. ஆனால் மீக்கடத்தியில் (சூப்பர்கண்டக்டர்) வரும் ‘மீ’ மிகுதியைக் குறிப்பது. அந்தப் பழக்கத்தில் மீக்குளிர் என்றதும் மாணவர் கடுங்குளிரை நினைத்துவிடுவார். தங்கம் 1064 டிகிரி செல்சியஸிலும் சிலிக்கன் 1414 டிகிரியிலும் உருகும். இரண்டையும் சரியான அளவில் கலந்தால் அந்தக் கலவை 363 டிகிரியிலேயே உருகிவிடும். அதை உறையவிடாமல் 300 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அதுவும் நாம் பேசும் நீர்மம்தான். கை பட்டால் தோல் வெந்துவிடும். அதில் கடுங்குளிர் எங்கே?

இந்த இடத்தில் எனக்குக் ‘குளிர்’ என்ற வினையே உறுத்தத் தொடங்கியது. தவராவில் காபியை நாம் குளிர வைப்பதில்லை, ஆற்றுகிறோம். சூடானது சூடு இறங்குவதற்குத் தமிழில் ஆறுதல் என்றே பெயர். உருகிய உலோகத்துக்குப் பொருத்தமான வினை அதுதான். அதனால் ‘உறையா ஆறல்’ என்று முயன்றேன். புணர்த்தினால் ‘உறையாவாறல்’ ஆகிறது, நாக்கு இடறுகிறது. போதாக்குறைக்கு அதே பக்கத்தில் ‘ஆற்றல்’ பத்து முறை வரும். அதனால் மனமில்லாமல்தான் விட்டேன். வேகத்தைச் சொல்லும்போது மட்டுமாவது ‘ஆறும் வேகம்’ என்று எழுதுவோம்.

என் முன்மொழிவு ‘உறையாக்குளிர் நீர்மம்’. ‘ஓடாக் குதிரை’ போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், பள்ளி இலக்கணத்திலேயே இருப்பது. எத்தனை டிகிரி கீழே போயிருக்கிறது என்ற அளவுக்கு ‘உறையாக்குளிர்வு’. மேலே சொன்ன தங்கக் கலவைக்கு அது 63 டிகிரி.

இந்தச் சொல் எனக்கு அகராதியிலிருந்து வரவில்லை. போன மே மாத வெயிலில், வேளச்சேரி வீட்டு ஃப்ரீசரில் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலை வைத்து மறந்துவிட்டேன். எடுத்தபோது தெளிந்த நீராகவே இருந்தது. மேசையில் ஒரு தட்டு தட்டினேன். கழுத்திலிருந்து வெண்மை இழை இழையாக இறங்கி, சில வினாடிகளில் அடிவரை பனிக்கூழாகிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “உறை ஊத்தின மாதிரி ஆயிடுச்சே” என்றார். பால் உறைய ஒரு துளி மோர் வேண்டும். படிகம் வளரவும் முதலில் ஒரு சின்னக் கரு வேண்டும். அது உருவாகாதவரை நீர்மம் காத்து நிற்கும். ‘உறையா’ என்ற ஒரு சொல்லுக்குள் இதெல்லாம் அடங்கிவிடுகிறது.

சரி, பாடத்தில் ஓடுகிறதா என்று எழுதிப் பார்த்தேன்:

“உருகுநிலையில் நீர்மத்துக்கும் படிகத்துக்கும் கிப்ஸ் ஆற்றல் (எந்த நிலை உறுதியானது என்று காட்டும் அளவு) ஒன்றே. உறையாக்குளிர்வு கூடக் கூட இரண்டுக்கும் இடையிலான வேறுபாடும் கூடும். படிகமாவதற்கான உந்துதல் அதுவே. டர்ன்புல் என்ற அறிவியலாளரின் தோராயப்படி, உருகல் வெப்பத்தை உறையாக்குளிர்வால் பெருக்கி, கெல்வினில் உள்ள உருகுநிலையால் வகுத்தால் அந்த வேறுபாடு கிடைக்கும். ஆனால் உறையாக்குளிர் நீர்மத்தின் வெப்ப ஏற்புத்திறன் படிகத்தினுடையதைவிட அதிகம். அதைக் கணக்கில் சேர்த்தால் உண்மையான உந்துதல் தோராயத்தைவிடக் குறையும். உந்துதல் குறைவாக உள்ள கலவை எளிதில் படிகமாவதில்லை.”

தடை இல்லாமல் படிக்க முடிகிறது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் அக்கா கேட்டது:

> உலோகக் கண்ணாடி என்றால் ஆறன்முளா கண்ணாடி என்று நினைத்துவிட மாட்டார்களா?

நியாயமான கேள்வி, எனக்குத் தோன்றவே இல்லை. ஆறன்முளா கண்ணாடி என்பது கேரளத்தில் செய்யப்படும், செம்பும் வெள்ளீயமும் கலந்த, முகம் பார்க்கும் உலோக ஆடி. உள்ளே படிகங்கள் உண்டு. நாம் பேசும் ‘மெட்டாலிக் கிளாஸ்’, உறையாக்குளிர் நீர்மம் படிகமாகாமலே இறுகிக் கிடைப்பது. அதில் படிகமே கிடையாது. 1960இல் அமெரிக்காவின் கால்டெக்கில் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) துவேஸ் குழுவினர் தங்கம்-சிலிக்கன் உருக்கை வினாடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவிலான வேகத்தில் ஆற்றி முதலில் பெற்றது அதைத்தான். 1993இல் ஜான்சனும் பெக்கரும் வெளியிட்ட சிர்கோனியக் கலவைக்கு வினாடிக்குச் சில டிகிரியே போதுமானதாக இருந்தது. இரண்டிலும் கிடைத்தது உலோகம்தான், நிலைதான் கண்ணாடியினுடையது. ஆகவே சொல்லைத் திருப்பிக் ‘கண்ணாடிநிலை உலோகம்’ என்போம். நீர்மம் கண்ணாடியாக இறுகுவதைச் சொல்லும் ‘கண்ணாடிநிலை மாற்றம்’ என்பதும் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

ஐயா, உங்களுக்குச் சம்மதம் என்றால் இந்த நான்கு சொற்களையும் இந்த வாரப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘உறையாக்குளிர்’ நீளம் என்று பட்டால் சொல்லுங்கள். ஆனால் ‘உறையா’வை மட்டும் வெட்ட வேண்டாம்.