டெக் எடுத்து விடிய விடிய பார்த்த காமெடி படங்கள்: மலைக்காரர்கள் அனுபவம்

குன்னூரிலிருந்து

‘காதலிக்க நேரமில்லை’ என்று யார் சொன்னாலும் எனக்குக் கம்பளி வாசனை வந்துவிடும். அந்தப் படத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது 1994 பொங்கலுக்கு, எங்கள் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு முன்னால் இருக்கும் திட்டில், ஒரே கம்பளிக்குள் நாங்கள் நான்கு பிள்ளைகள் நுழைந்துகொண்டு. படம் வந்தது 1964-இல். நான் பார்க்கும்போதே அதற்கு முப்பது வயது, ஆனால் எங்களுக்கு அது அன்றைக்கு ராத்திரிதான் ரிலீஸ்.

அப்போதெல்லாம் வீட்டுக்கு அஞ்சு ரூபாய் வசூல் பண்ணி, குன்னூரில் டிவியும், வீடியோ கேசட் போட்டுப் படம் பார்க்கிற டெக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். கூடவே மூன்று கேசட். ஜனவரியில் எங்கள் பக்கம் உறைபனி விழும், காலையில் பள்ளத்துப் புல்லெல்லாம் உப்புக் கொட்டினது மாதிரி இருக்கும், அந்தக் குளிரில் தூக்கி வந்த டெக்கை உடனே போட்டால் உள்ளே ஈரம் பூத்து டேப் சிக்கிக்கொள்ளும் என்று டெக் ஓட்டுகிற அண்ணன் அதை அரை மணி நேரம் அடுப்பங்கரையில் வைத்துச் சூடு காட்டுவார். அப்புறம் மூடியைக் கழற்றி, மடங்காத புது பத்து ரூபாய் நோட்டால் ஹெட்டைத் துடைப்பார். நாங்கள் மூச்சு விடாமல் பார்ப்போம். முதலில் சாமி படம், அடுத்து சண்டைப் படம், கடைசியாகத்தான் காமெடி. இது பெரியவர்கள் போட்ட வரிசை, இரண்டு மணிக்கு மேல் ஆளைத் தூங்கவிடாமல் உட்கார வைக்கச் சிரிப்பால்தான் முடியும் என்பார்கள்.

அந்தப் படத்தில் நாகேஷ் தன் அப்பாவாக வரும் பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் காட்சி எல்லாருக்கும் தெரியும். கதவுச் சத்தம், காலடிச் சத்தம் எல்லாவற்றையும் நாகேஷ் வாயாலேயே போட்டுக்கொண்டு வர, டிவியில் பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாற, சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் லைனுக்குக் கீழே நாய்கள் ஒன்று சேர்ந்து குரைத்தன. காட்டெருமை இறங்கியிருக்க வேண்டும், எங்களுக்கு அது புதிது இல்லை. ஆனால் அந்த ஒரு நொடி திட்டில் இருந்த அத்தனை பேரும் பாலையா மாதிரியே சுருண்டார்கள், அப்புறம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து வந்த சிரிப்பு இருக்கிறதே, அடுத்த இரண்டு காட்சிகளுக்கு வசனமே கேட்கவில்லை. அந்தக் காட்சியை இதுவரை ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். பேசுகிறவர் நாகேஷ், ஆனால் நம்மைச் சிரிக்க வைக்கிறவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பாலையா. நல்ல காமெடியில் கேட்கிற ஆளுக்குத்தான் வேலை அதிகம் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

இன்னொரு விஷயம். அந்தப் படத்தில் பாலையா ஒரு எஸ்டேட் முதலாளி, ரவிச்சந்திரன் அவரிடம் வேலை பார்த்து நீக்கப்பட்டவர். வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு, முதலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை கேட்டுப் பாடுவார். பட்டணத்துக்காரர்களுக்கு அது ஜாலியான பாட்டு, அவ்வளவுதான். மஸ்டரில், அதாவது அன்றைய வேலைக்கான ஆள் பட்டியலில், பேர் விழுமா விழாதா என்று தினமும் காலையில் நிற்கிற எங்கள் ஆட்களுக்கு அப்படி இல்லை. என் அப்பா அந்த வருஷம் தற்காலிகத் தொழிலாளி, நிரந்தரம் ஆக்கச் சொல்லி ஆறு பேர் எழுதிக் கொடுத்துப் பதில் வராமல் காத்திருந்த நேரம். பாட்டு முடிந்ததும் அப்பாதான் எழுந்து, “தம்பி, அதை இன்னொரு தடவை போடுப்பா” என்றார். வழக்கமாக அதிகம் பேசாத மனுஷன். டெக் அண்ணன் டேப்பைப் பின்னால் ஓட்டினார். மூன்று தடவை போட்டோம், மூன்றாவது தடவை பொம்பளைகள் பக்கமிருந்தும் கோரஸ் வந்தது.

அதனால்தான் இப்போது போனில் இரண்டு நிமிஷத் துண்டாகக் காமெடி பார்ப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் சாம்பாரில் மீன் விழுகிற காட்சியைத் தனியாக வெட்டிப் போட்டாலும் சிரிப்பு வரும், சரி. ஆனால் அந்தப் பாலக்காட்டுச் சமையல்காரர் காமேஸ்வரன் எவ்வளவு ஆசாரம் பார்க்கிறவர், எதற்கெல்லாம் பயப்படுகிறவர் என்று அதற்கு முன்னாடியே நமக்குத் தெரிந்திருந்தால்தான் அந்த மீன் நம் வயிற்றையும் கலக்கும். கிரேஸி மோகன் வசனம் சரவெடி மாதிரி போகிறது, ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வெடிக்கிறது, துண்டில் அது பிடிபடாது. முழுப் படமாகப் பாருங்கள், கூட நாலு பேரை உட்கார வைத்துப் பாருங்கள்.

அதே படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலை விளிம்பில் இருக்கும் வீடு சாய்ந்து தொங்கும், உள்ளே எல்லாரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிவார்கள். ஊரே சிரிக்கிற காட்சி. என் அம்மாவால் அதைப் பார்க்க முடியாது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்தபோது எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் போனது. அதற்கு முன்பு அம்மாவும் சிரித்தவர்தான். அதற்கப்புறம் டிவியில் அந்த இடம் வந்தால் எழுந்து போய்விடுவார், நாங்களும் சேனலை மாற்றிவிடுவோம். படத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, இப்போதும் என் முதல் ஐந்து படங்களில் அது உண்டு. மலையில் இருக்கிறவர்களுக்கு அந்தக் காட்சி வேறு மாதிரி தெரியும் என்பதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

உங்கள் ஊரில் எந்தப் படத்தை, யாரோடு சேர்ந்து பார்த்தீர்கள்? எழுதுங்கள்.

பண்ணைக்காட்டிலிருந்து

குன்னூர் அண்ணா, உங்கள் அப்பா எழுந்து பாட்டைத் திரும்பப் போடச் சொன்னதைப் படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களுக்கு மலை வாழை. கீழ்ப்பழனி மலையில் வாழை எப்படி இருந்தது, முடிக்கொத்து நோய் வந்து எப்படிப் போனது என்று இங்கே தாண்டிக்குடி, பெரும்பாறைப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குருத்து இலை விரியாமல் கொத்துக் கொத்தாக நிற்கும், தார் வராது, பக்கத்து மரத்துக்கும் பரவும், தோண்டிக் கொளுத்துவதைத் தவிர வழியில்லை. எங்கள் தோட்டத்தில் கடைசி மரத்தையும் அப்பா தோண்டிய வாரம் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. அம்மா பக்கத்து வீட்டில் படம் போடுகிறார்கள் என்று எங்களைக் கூட்டிப் போனார், அப்பாவும் என்ன நினைத்தாரோ பின்னாலேயே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். படம் ‘கரகாட்டக்காரன்’.

வாழைப்பழக் காட்சி வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் பையன்கள் அதைப் பேசிப் பேசியே தேய்த்திருந்தார்கள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இந்த நேரத்தில் அப்பா வாழைப்பழத்தைப் பார்த்தால் என்ன ஆகுமோ என்று டிவியைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவுண்டமணி காசு கொடுத்து இரண்டு பழம் வாங்கி வரச் சொல்கிறார், செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வந்து நிற்கிறார், இன்னொன்று எங்கே என்று கேட்டால் அதுதான் இது என்கிறார். அப்பா முதலில் வாயைத் துண்டால் பொத்தினார். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். துண்டை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்துக்கொண்டிருந்தார், “எவ்வளவு கேட்டாலும் அதேதான் சொல்றான் பாரு” என்று அம்மாவிடம் சொன்னார். ஏழெட்டு நாளைக்கப்புறம் வந்த முதல் பேச்சு அது. அடுத்த மாதம் சௌசௌ பந்தல் போட்டோம்.

செந்தில் அந்தக் காட்சியில் ஒரு இடத்தில்கூடக் கிண்டலாகச் சொல்ல மாட்டார், நூற்றுக்கு நூறு நம்பித்தான் சொல்வார், அதுதான் கவுண்டமணியைக் கிறுக்குப் பிடிக்க வைக்கிறது. இதை எழுதியவர் ஏ.வீரப்பன். கவுண்டமணி–செந்தில் பெயரை ஊர் உலகமே சொல்கிறது, அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. அந்தக் காலத்துப் படங்களில் கறுப்பு நிறத்தை, பல்லை, குண்டு உடம்பை வைத்து வருகிற வசனங்களுக்கு இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. என் மகள் பத்து வயதில் “ஏம்மா அவங்க கலரைச் சொல்றதுக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க” என்று கேட்டாள், அவள் நிறம் என் நிறம். என்னிடம் பதில் இல்லை. வாழைப்பழத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள். அதில் யாருடைய உருவத்தையும் தொட வேண்டியிருக்கவில்லை.

கோத்தகிரியிலிருந்து

நான் ‘தெனாலி’ பற்றிச் சொல்கிறேன். 2000 தீபாவளிக்கு வந்தது. எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது, அங்கிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இங்கே தேயிலைத் தோட்டம். கமல் இலங்கைத் தமிழ் பேசி ஒரு முழுப் படம் என்றதும் வீட்டில் ஒரே பரபரப்பு, பாட்டியை முன்வரிசையில் உட்கார வைத்து வாடகை சிடி போட்டோம். பத்து நிமிஷம் உன்னிப்பாகக் கேட்டார். “இது நம்ம பேச்சு இல்லைப்பா, யாழ்ப்பாணத்தார் பேச்சு. நாம கண்டிச் சீமை” என்றார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இலங்கைத் தமிழ் என்றால் ஒன்றுதான் என்று அதுவரை நானே நினைத்திருந்தேன், தோட்டத்து ஜனங்களின் பேச்சு வேறு என்று அன்றைக்குப் பாட்டி சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் பாட்டி எழுந்து போகவில்லை. தெனாலி தனக்கு எதற்கெல்லாம் பயம் என்று மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போவாரே, அங்கே சிரிக்க ஆரம்பித்தவர், டாக்டராக வரும் ஜெயராமுக்குப் பொறாமையில் பைத்தியம் பிடிக்கிற வரைக்கும் நிறுத்தவில்லை. படம் முடிந்ததும் சொன்னார்: “ஊரை விட்டு வந்தவனுக்கு எல்லாத்துக்கும்தான் பயம். ஒரு போலீசைப் பார்த்தா பயம், ஒரு காகிதத்தைப் பார்த்தா பயம்.” மண்டபத்தில் வரிசையில் நின்று காகிதம் வாங்கிய கதையை அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுசாகச் சொன்னார். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, யாரும் படுக்கவில்லை.

காமெடியாக எடுத்ததனால்தான் பாட்டி வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். அகதியைப் பற்றி அழுகைப் படம் போட்டிருந்தால் பாதியிலேயே தூங்கப் போயிருப்பார்.

கொடைக்கானலிலிருந்து

தெனாலி என்றதும் நானும் வந்துவிட்டேன், கதை நடப்பது எங்கள் ஊரில் ஆயிற்றே. டாக்டர் குடும்பத்தோடு ஓய்வெடுக்கக் கொடைக்கானல் வர, பேஷண்ட் பின்னாலேயே வந்து நிற்பார். நான் டாக்ஸி ஓட்டுகிறேன். சீசனில் வருகிறவர்களில் பாதிப் பேர் ‘குணா’ குகையைக் கேட்பார்கள், 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்த பிறகு கூட்டம் தாங்கவில்லை. காமெடி படத்தைச் சொல்லி இடம் கேட்டவர்கள் என் சர்வீசில் ரொம்பக் குறைவு. ஒரு தடவை கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று ஏறியது. வத்தலக்குண்டு ரோடு முழுக்க அந்த அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் ‘சதிலீலாவதி’யில் கமலும் கோவை சரளாவும் பேசுகிற கோயம்புத்தூர்ப் பேச்சை அப்படியே பேசிக் காட்டிக்கொண்டு வந்தார்கள், பின்சீட்டில் மூன்று பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. எந்தப் பிள்ளையும் வாந்தி எடுக்காமல் மேலே வந்து சேர்ந்தது. அந்த வளைவில் அது பெரிய விஷயம், டாக்ஸிக்காரர்களுக்குத் தெரியும்.

ஒரு படம் கோவைக்காரரைக் கோவைக்காரராகவே பேச விட்டதும் அந்த ஊர் ஜனம் இத்தனை வருஷம் கழித்தும் வசனத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறதே. எங்கள் மலைப் பேச்சிலும் ஒரு முழுநீளக் காமெடி வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

குன்னூரிலிருந்து, மறுபடியும்

பண்ணைக்காட்டுத் தங்கச்சி, வாழைப்பழத்தை இனிமேல் உங்கள் அப்பாவை நினைக்காமல் பார்க்க முடியாது. கோத்தகிரித் தம்பி, உங்கள் பாட்டி சொன்னதை அப்படியே அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எங்கள் லைனிலும் பாதிக் குடும்பம் அங்கிருந்து வந்ததுதான், காகிதத்துக்குப் பயம் என்றதும் அம்மா தலையாட்டினார்.

அப்பா அடுத்த வருஷம் நிரந்தரம் ஆனார், அதையும் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள் என்று தெரியும். இப்போது அவர் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வெளியே நல்ல மழை, கரண்ட் இருந்தது, இதையெல்லாம் படித்த சூட்டில் ‘மைக்கேல் மதன காமராஜன்’ போட்டேன். அம்மா உட்கார்ந்தார். கடைசிக் காட்சிக்கு முன்னால் நானே நிறுத்தப் போனேன். “நீங்க பாருங்க, நான் டீ வைக்கிறேன்” என்று அடுப்படிக்குப் போனார். வர்க்கியும் டீயுமாகத் திரும்பி வந்தவர், வீடு தொங்கி முடிந்ததா என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டு உள்ளே வந்து, “அந்த மீனை மட்டும் இன்னொரு தடவை போடுடா” என்றார்.