ஸ்பிட்ஃபயர் மார்க் 3: உடைஞ்ச ஓவர்ட்ரைவை மாத்திறது எப்பிடி?

பரந்தன்_பெடியன்:
அண்ணைமாருக்கு வணக்கம். கார் 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், கியர் பொக்ஸுக்குப் பின்னால லேகொக் டி டைப் ஓவர்ட்ரைவ் (அதே வேகத்தில எஞ்சின் சுற்றைக் குறைக்கிற சாமான்). போன கிழமை சூட்டில ஓவர்ட்ரைவ் பிடிச்சபடியே நிண்டிட்டுது. சுவிச்சை நிப்பாட்டியும் விடேல்லை. அப்பிடியே ரிவேர்ஸ் எடுக்க அடியில "டக்" எண்டு ஒரு சத்தம். ஆறினாப் பிறகு விட்டுது. ஆனா இப்ப ஓவர்ட்ரைவ் இல்லாமல் எந்தக் கியரிலயும் அமத்தினால் எஞ்சின் இரையுது, கார் இழுக்குதில்லை. ஒயிலை வடிச்சன், அடி மூடி வலையில இரும்புத் தூளும் ஒரு சின்ன உருளையின்ர பாதித் துண்டும் கிடந்தது. கிளச் போயிட்டுதெண்டு ஒருத்தர் சொல்லுறார். ஓவர்ட்ரைவ்தானெண்டால் எஞ்சினையும் இறக்க வேணுமோ? டி டைப் கிடைக்காட்டி அதுக்குப் பிந்தின ஜே டைப்போ, ஓவர்ட்ரைவ் இல்லாத சும்மா கியர் பொக்ஸோ போடலாமோ?

மாங்குளம்_ஸ்பானர்:
தம்பி, இது கிளச் இல்லை. ஓவர்ட்ரைவுக்குள்ள இருக்கிற ஒருவழிக் கிளச் (ஒரு பக்கம் சுத்தினால் மட்டும் உருளைகளால பிடிக்கிறது) உடைஞ்சிருக்கு. நேர் கியரில, அதாவது ஓவர்ட்ரைவ் போடாத நேரம், முன்னோக்கின இழுவை முழுக்க அந்த உருளைகளுக்குள்ளாலதான் போகும். கூம்புக் கிளச் ஸ்பிரிங் பலத்தில ஒட்டிக்கொண்டு ரிவேர்ஸையும் எஞ்சின் பிறேக்கையும் தாங்கும், அவ்வளவுதான். உருளை போனால் முழுப்பாரமும் கூம்பில விழும். மெல்லப் போனால் தாங்கும், அமத்தினால் வழுக்கும்.

வழமையாச் சோதிக்கிற முறை: நாலாம் கியரில ஓவர்ட்ரைவைப் போட்டு அமத்திப் பாக்கிறது. கியர் உயர உயரக் கிளச்சுக்குப் பாரம் கூடும். கிளச் போயிருந்தால் அதிலதான் இன்னும் மோசமா வழுக்க வேணும். அதில நல்லா இழுத்து, நேர் கியரில மட்டும் வழுக்கினால் ஒருவழிக் கிளச்தான். உங்களுக்கு இந்தச் சோதினையும் வேண்டாம். உருளைத் துண்டு கையில கிடைச்ச பிறகு காரை ஓட்டாதேங்கோ, மிச்சத் துண்டு பல்லுக்குள்ள போகும்.

ஏன் உடைஞ்சது? ஓவர்ட்ரைவ் பிடிச்சிருக்கேக்க கூம்பு வெளி உறையோட இறுகி நிக்கும். தண்டு பின்னால சுத்த வெளிக்கிட ஒருவழிக் கிளச்சும் பூட்டிக்கொள்ளும். ரெண்டும் ஒரே நேரத்தில பிடிச்சால் ஏதோ ஒண்டு உடையத்தான் வேணும். அதுதான் ஓவர்ட்ரைவ் விடாமல் நிண்டால் ரிவேர்ஸ் எடுக்கவே கூடாது; ஆக்களைக் கூப்பிட்டுத் தள்ளவும் வேண்டாம், ஆறும்வரை நிக்கட்டும்.

இனித்தான் முக்கியமான விசயம். அது ஏன் விடாமல் நிண்டது எண்டு பிடிக்காமல் வேறொண்டைப் பூட்டினால் அதுவும் இப்பிடித்தான் போகும். இரண்டு இடம் பாருங்கோ. மேல இருக்கிற மூடியைக் கழட்டினால் ஸ்பிரிங், ஊசி, குண்டு, அதுக்குக் கீழ இயக்கு வால்வு. வால்வின்ர பக்கத்தில ஊசி முனையளவு ஒரு துளை இருக்கு. அமுக்கத்தில நிக்கிற ஒயில் திரும்பி வடியிற வழி அதுதான். அது அடைச்சால் ஓவர்ட்ரைவ் விடாது. அநேகமா அடைக்கிறது புழுதியில்லை, கஸ்கெட்டுக்குப் பூசின சிலிக்கன் பிசின். பெற்றோலில கழுவிக் காத்தடியுங்கோ, கம்பி விட்டுக் குடையாதேங்கோ. மூடியைக் கழட்ட முன்னம் சுவிச்சைப் பத்துப் பன்னிரண்டு தரம் போட்டு நிப்பாட்டி அமுக்கத்தை இறக்குங்கோ.

மற்றது சொலனொயிட் (சுவிச் போட்டால் வால்வை இயக்கிற மின்காந்தம்) நெம்பு. சொலனொயிட் இழுத்து நிக்கேக்க நெம்பிலயும் உறையிலயும் உள்ள துளைகள் நேர வர வேணும். 3/16 அங்குல ட்ரில் கம்பி ரெண்டுக்குள்ளாலயும் போற நிலையில வைச்சு இறுக்குங்கோ. பிறகு அம்மீற்றரைத் தொடரில போட்டுப் பாருங்கோ: இழுக்கிற கணத்தில 17 அம்பியர் மட்டில வந்து, உடன 1, 2 அம்பியருக்கு இறங்க வேணும். இறங்காமல் நிண்டால் உள் தொடுகை விடுபடேல்லை, சுருள் எரிஞ்சு போகும்.

வவுனியா_லேத்:
எஞ்சினைத் தொடவேண்டாம். ஸ்பிட்ஃபயரில் கியர் பொக்ஸ் காருக்குள்ளால்தான் வெளியே வரும். பற்றரி வயரைக் கழற்றி, இரண்டு சீற்றையும் டாஷ்போர்டைத் தாங்கும் இரும்பையும் எடுத்து, நடு மூடியைக் கழற்றினால் எல்லாம் கண்முன்னே நிற்கும். புரொப்பெலர் சாஃப்ட், ஸ்பீடோ கேபிள், சொலனொயிட் வயர், கிளச் சிலிண்டர், ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றாக விடுவியுங்கள். கியர் தடியுள்ள மேல் மூடியைக் கழற்றி, அந்த வாயைத் துணியால் கட்டுங்கள். எஞ்சின் சம்புக்கு (அடி ஒயில் தொட்டி) கீழே பலகை வைத்து ஜக் கொடுத்த பிறகே பின் தாங்கியை விட வேண்டும். இழுக்கும்போது இரண்டு பேர் நில்லுங்கள். பொக்ஸின் பாரம் கிளச் தட்டில் தொங்கினால் தட்டின் நடு வளைந்துவிடும்.

பொக்ஸிலிருந்து ஓவர்ட்ரைவைப் பிரிக்கையில் நீளமான இரண்டு ஸ்டட்டின் நட்டுகளைக் கடைசிக்கு விட்டு, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். உள்ளே ஸ்பிரிங் அமுங்கி நிற்கிறது. திறந்ததும் உருளைகள் ஓடும் சுவரில் வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சுவர் நல்லதென்றால் ஒருவழிக் கிளச்சை மட்டும் மாற்றலாம். வெடித்திருந்தால் முழு ஓவர்ட்ரைவும் வேண்டும். கியர் பொக்ஸின் உள்ளேயும் மண்ணெண்ணெய் விட்டு, துண்டு வராத வரைக்கும் கழுவுங்கள். 1990களின் போர்க்காலப் பெற்றோல் தடையில் காரையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கழுவியதை முழுக்க வடித்துவிடுங்கள்.

திரும்பப் பூட்டுவதில்தான் பலரும் பிழைவிடுகிறார்கள். கோள்கியர் தாங்கியின் பல்லும் ஒருவழிக் கிளச்சின் பல்லும் ஒரே கோட்டில் வர வேண்டும். நீளமான ஸ்க்ரூ டிரைவரால் உள்பல்லை இடஞ்சுழியாகத் திருப்பி நேராக்குங்கள், பிறகு வெளித் தண்டைத் தொடாதீர்கள். பம்பை இயக்கும் கேமின் உயர்ந்த முனை மேலே நிற்கட்டும். பொக்ஸை முதலாம் கியரில் போட்டு, முன் தண்டை மெல்ல ஆட்டிக்கொண்டே ஓவர்ட்ரைவைத் தள்ளுங்கள். கடைசிக் கொஞ்ச இடைவெளியை மட்டும் ஸ்பிரிங் எதிர்க்கும். அதற்கு முன்பே முட்டினால் பல் பொருந்தவில்லை. நட்டைப் போட்டு இழுத்து இறுக்கினால் புதுச் சாமானும் போய்விடும். கடதாசிக் கஸ்கெட் மட்டும் போதும்; சிலிக்கன் பூச வேண்டாம், அண்ணை சொன்னதுபோல் அது வால்வுத் துளையை அடைக்கும்.

பரந்தன்_பெடியன்:
மெத்த நன்றி. வால்வுத் துளை அடைச்சுத்தான் கிடக்கு, உள்ளுக்க கறுத்தப் பிசின். கொழும்பில பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையளில டி டைப் தேடிப் பாக்கிறன். ஒயில் எவ்வளவு?

ஓமந்தை_பழசு:
ஓவர்ட்ரைவோடை சுமார் 1.35 லீற்றர். ஈபி 90, ஜீஎல் 4 எண்டு போட்டிருக்க வேணும். ஜீஎல் 5 இல சில ஒயில் கியர் மாத்த உதவிற பித்தளைச் சிங்க்ரோ வளையங்களை அரிக்கும். வழுக்கல் கூட்டிற எந்த மருந்தும் சேர்க்காதேங்கோ, கூம்பு பிடிக்காது. மட்டத் துளையால வழியும் வரை விட்டு, ஒரு அஞ்சாறு கிலோமீற்றர் ஓடி, ஒயில் ஓவர்ட்ரைவுக்குள்ள ஏறின பிறகு திரும்ப மட்டம் பாருங்கோ. வலையை முதல் 200 கிலோமீற்றருக்குள்ள ஒருக்காக் கழட்டிப் பாக்கிறது நல்லது.

ஜே டைப்பை உங்கட பொக்ஸில நேர பூட்ட ஏலாது. நடுத் தண்டும் இணைப்புத் தட்டும் வேற. பொக்ஸோட சேர்த்து வாங்கினால் மட்டும் யோசியுங்கோ. ஓவர்ட்ரைவ் இல்லாத பொக்ஸெண்டால் நீளமான புரொப்பெலர் சாஃப்டும் வேணும். கார் தன்ர சில்லில நிக்கேக்க ஃப்ளாஞ்சுக்கு ஃப்ளாஞ்ச் அளவெடுங்கோ, ஜக்கில நிக்கேக்க எடுத்த அளவு பிழைக்கும். எண்டாலும் டி டைப்பைத் தேடுறதுதான் சரி. விகிதம் 0.802. நேர் கியரில 4000 சுற்றில ஓடுற வேகத்தை 3200 சுற்றில ஓடலாம். ஏ9 றோட்டில நெடுக ஓடுற காருக்கு அதை இழக்க விடாதேங்கோ.

நடு மூடியைத் திரும்பப் போடேக்க ஓரம் முழுக்க ஃபோம் பட்டி ஒட்டுங்கோ. இல்லாட்டி கிரவல் றோட்டுப் புழுதியும் பொக்ஸின்ர சூடும் காலடிக்கு வரும்.