தூக்கு உறுதியான பிறகும் விடுதலை உண்டா?

கேள்வி: உச்ச நீதிமன்றத்தில் தூக்கு, சீராய்வு மனுவும் (தீர்ப்பை அதே நீதிமன்றம் மறுபடி பார்க்கக் கேட்பது) தள்ளுபடி. அதற்குப் பிறகு நிரபராதி என்று வெளியே வந்தவர்கள் உண்டா?

பதில் 1: உண்டு. மகாராஷ்டிராவில் நடந்த 2003 கொலை வழக்கைப் பாருங்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்றது, சீராய்வும் போயிற்று. 2014-இல் முகமது ஆரிஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் வழிவிட்டது: தூக்கு வழக்கின் சீராய்வை மூன்று நீதிபதிகள் திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும், வாய்மொழி வாதம் அரை மணி நேரத்துக்குள். அதனால் இவர்களின் சீராய்வும் மறுபடி விசாரணைக்கு வந்தது; 2019 மார்ச்சில் ஆறு பேரும் விடுதலை.

பதில் 2: அந்த வழக்கில் ஓட்டை இருந்தது குற்றவாளிகளை அடையாளம் காட்டியதில். நேரடி சாட்சி முதலில் போலீஸ் போட்டோ ஆல்பத்தில் காட்டியது வேறு நால்வரை. அவர்கள் மீது குற்றப்பத்திரிகையே இல்லை! அப்பீல் எடுப்பவர் முதலில் அந்த முதல் வாக்குமூலத்தைத் தேடட்டும்.

பதில் 3: இழப்பீடு ஆளுக்கு 5 லட்சம். அதுவும் நீதிமன்றம் உத்தரவிட்டதால்.