கிழங்கை உடைச்சே பாயிண்ட் சொல்லும் அப்பா, விலையையும் சரியாச் சொல்வாரா?

ஆத்தூர் பையன்:
எங்க அப்பா குச்சிக்கிழங்கை, அதான் மரவள்ளியை, படக்குனு உடைச்சு, உள்ளே விரலால தேய்ச்சுப் பார்த்து "இருபத்தேழு பாயிண்ட் நிக்கும்"பார். பாயிண்ட்னா கிழங்குல இருக்கிற மாவோட அளவு. சேகோ மில்லுல, அதாவது ஜவ்வரிசி ஆலையில, தண்ணியில எடை போட்டா அரைப் பாயிண்ட் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். நான் இன்ஜினியரிங் முடிச்சவன், எனக்கு எல்லாக் கிழங்கும் ஒரே வெள்ளை. இப்போ பயிருக்குப் பத்து மாசம் ஆச்சு. "விலை ஏறும், விட்டு வை"ங்கிறார். கிழங்குல தப்பாத கணிப்பு விலையில மட்டும் தப்புமா?

கணக்கு வாத்தியார், அம்மாபேட்டை:
தப்பும் தம்பி. டேனியல் கானமன்னு ஒரு உளவியலாளர், 2002ல பொருளாதார நோபல் வாங்கினவர். அனுபவசாலிகளோட உள்ளுணர்வை லேசுல நம்பாதவர். கேரி கிளைன் நேர் எதிர். தீயணைப்பு அதிகாரிகள் நொடியில முடிவெடுக்கிறதை ஆராய்ஞ்சு மெச்சினவர். ரெண்டு பேரும் சேர்ந்து 2009ல ஒரு கட்டுரை எழுதினாங்க. அவங்க ஒத்துப்போன இடம் இதுதான்: விஷயத்துக்குள்ள ஒரு ஒழுங்கு இருக்கணும், நம்ம கணிப்பு சரியா தப்பான்னு அடிக்கடி தெரியவும் வரணும். அப்பதான் அனுபவம் தேறும்.

அப்பாவுக்கு லோடுக்கு லோடு தராசு அன்னைக்கே பதில் சொல்லிடுது. விலை? வடக்கே விரதத்துக்கு ஜவ்வரிசி வாங்குற சீசன், போட்டிக்கு நிக்கிற மக்காச்சோள மாவோட விலைன்னு எங்கெங்கேயோ இருந்து வருது. வருஷத்துக்கு ஒரே பரீட்சை, அதுவும் வருஷா வருஷம் வேற கேள்வித்தாள். ஆனா சொல்றவருக்கு ரெண்டுலயும் ஒரே அளவு நம்பிக்கை இருக்கும், அதுதான் வம்பு. (நானும் தங்கம் விலை சொல்றவன்தான், வீட்டுல யாரும் கேக்கறதில்ல.)

ஏற்காடு டிரைவர்:
வாத்தியார் சொல்றது சரி. 20 கொண்டை ஊசி வளைவுலயும் ஏறுற கியர்லயே இறங்கணும்னு புதுப் பசங்களுக்குச் சொல்லிடலாம். பனியில ஹாரனை வச்சு எதிர் வண்டி எவ்வளவு தூரம்னு சொல்றது ஓட்டி ஓட்டித்தான் வரும். ஆனா விலை தெரியலைன்னு சும்மா உக்கார முடியுமா? பாதியைப் பிடுங்குங்க, பாதியை விடுங்க.

கெங்கவல்லி விவசாயி:
மழையை மறந்துட்டீங்க. மழை விழுந்து புதுத் தளிர் விட்டா மாவு இறங்கிடும். விலை ஏறினாலும் பாயிண்ட் குறைஞ்சா என்ன மிஞ்சும்? அந்தக் கேள்வியை அப்பாகிட்டக் கேளு, அது அவருக்குத் தெரிஞ்ச ஏரியா.

ஆத்தூர் பையன்:
கேட்டேங்க. "மழைக்கப்புறம் இருபத்தஞ்சு தாண்டாது"ன்னு உடனே சொன்னார். அப்புறம் அவரே மேட்டுக்காட்டை மட்டும் வியாழக்கிழமை பிடுங்க ஆள் சொல்லிட்டார். பிடுங்கினா ரெண்டு நாளைக்கு மேல தாங்காதே, மில்லுல வண்டிக்கு முறை கேக்கப் போறேன்.