பிட்ஸ்பர்க்கில் பத்து நாள்: கார் எடுக்கலாமா, பஸ் போதுமா?

காவிரிக்கரை:
வணக்கம். மே மாதம் மகனுக்குப் பட்டமளிப்பு விழா. அவன் படிப்பது பிட்ஸ்பர்க்கில், ஓக்லாண்ட் பகுதியில். நானும் மனைவியும் பத்து நாள் வருகிறோம். அவனிடம் கார் கிடையாது. எனக்கு வயது 59. ஊரில் முப்பது வருடமாக ஓட்டுகிறேன், அமெரிக்காவில் ஓட்டியதில்லை. மனைவிக்கு முழங்கால் வலி, படி ஏறச் சிரமப்படுவாள். கார் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். "பஸ்ஸே போதும்பா" என்கிறான் மகன். யார் பேச்சைக் கேட்பது?

நெடுஞ்சாலை:
சார், காரை எடுங்கள். நான் இந்த நகரத்தின் கிழக்குப் புறநகரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். படிக்கிற பையனுக்கு பஸ் போதும். முழங்கால் வலியோடு வருபவருக்குப் போதாது. பல ஸ்டாப்புகளில் ஒரு கம்பமும் பலகையும்தான் இருக்கும், உட்கார இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. பென் ஹில்ஸில் வெங்கடேசுவரர் கோயில் இருக்கிறது. 1970களில் எழுந்தது, அமெரிக்காவின் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அங்கே போகாமல் திரும்ப மாட்டீர்கள். பஸ்ஸை நம்பிப் போனால் ஒரு நாள் பொழுது அதிலேயே போய்விடும்.

மூன்றாறு:
நெடுஞ்சாலை அண்ணா, கோயில் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மற்றதை மறுக்கிறேன். ஆறு வருடமாகக் கார் இல்லாமல்தான் இந்த ஊரில் இருக்கிறேன்.

விமான நிலையம் நகரத்துக்கு மேற்கே கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். அங்கிருந்து 28எக்ஸ் என்ற பஸ் டவுன்டவுன் வழியாக ஓக்லாண்டுக்கே வருகிறது. கட்டணம் 2.75 டாலர். இதே வழியில் முதல்முறை கார் ஓட்டி வருவதை நினைத்துப் பாருங்கள். ஃபோர்ட் பிட் சுரங்கத்தை விட்டு வெளியே வந்த நொடியில் ஆறும் பாலங்களும் உயரக் கட்டடங்களும் மொத்தமாகக் கண்முன் விரியும். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அது மறக்காத காட்சி. ஓட்டுபவருக்கோ பார்க்க நேரமே இல்லை. சுரங்கம் முடியும் இடத்திலேயே இரண்டடுக்குப் பாலம் தொடங்கிவிடும். அது முடிவதற்குள் எந்த லேன் என்று பார்த்து மாறிவிட வேண்டும். தவறவிட்டால் அடுத்த ஆற்றையும் தாண்டி வடகரையில் போய் நிற்பீர்கள். வாழ்நாள் முழுக்க இடது பக்கம் ஓட்டியவர், விமானக் களைப்போடு, வந்து இறங்கிய அன்றே இதைச் செய்ய வேண்டுமா?

அப்புறம் 'பிட்ஸ்பர்க் லெஃப்ட்' என்று ஒன்று உண்டு. சிக்னலில் பச்சை விழுந்ததும், எதிரே இடப்பக்கம் திரும்பக் காத்திருப்பவர் உங்களுக்கு முன்னால் சட்டென்று திரும்பிவிடுவார். சட்டப்படி தவறு, ஆனால் ஊர்ப் பழக்கம். நேரே போகிறவர்கள் ஒரு நொடி பொறுத்து விட்டுக்கொடுப்பார்கள். இது தெரியாமல் பச்சையைப் பார்த்ததும் வேகமெடுத்தால் ஆபத்து.

நெடுஞ்சாலை:
தம்பி, முதல் நாள் யாருமே தடுமாறுவோம். என் அப்பா 63 வயதில் இங்கே ஓட்டினார். காலியான பார்க்கிங்கில் இரண்டு நாள் காலையில் பழகினார், பிறகு சிக்கல் இல்லை. விமான நிலையத்திலிருந்தே ஓட்டி வரச் சொல்லவில்லை. இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு எடுக்கட்டும்.

நீ சொல்லாமல் விட்டது மலை. ஸ்டாப்பிலிருந்து 400 மீட்டர்தான் என்று மேப் காட்டும். போய்ப் பார்த்தால் படிக்கட்டு! இந்த நகரத்தில் பொதுப் படிக்கட்டுகள் மட்டும் சுமார் 800. பலவற்றுக்குத் தெருப் பெயரே உண்டு, மேப்பில் தெரு மாதிரியேதான் தெரியும். பீச்வியூவில் கேன்டன் அவென்யூவின் சரிவு 37 சதவீதம். முழங்கால் வலிக்காரரை இந்த ஊரில் நடக்கச் சொல்லலாமா?

இன்னொன்று. 2025ல் பஸ், ரயில் சேவையை 35 சதவீதம் வெட்ட வேண்டியிருக்கும் என்று நிர்வாகமே அறிவித்தது. கட்டுமானத்துக்கு வைத்திருந்த நிதியை எடுத்துத்தான் அதைத் தள்ளிப்போட்டார்கள். இதை நம்பி வெளியூர்க்காரர் பத்து நாளைத் திட்டமிட வேண்டுமா?

மூன்றாறு:
தள்ளிப்போட்டார்கள் அல்லவா? ஓடுகிற பஸ்ஸைப் பற்றிப் பேசுவோம். ஓக்லாண்டுக்கும் டவுன்டவுனுக்கும் நடுவே 61, 71 வரிசை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்தத் தடம் பெரும்பாலும் கடைத்தெரு, படிக்கட்டு ஏறத் தேவையில்லை. நீங்கள் சொல்லும் படிக்கட்டுகள் குடியிருப்புச் சரிவுகளில் இருப்பவை. ஓக்லாண்டில் காரை நிறுத்த இடம் தேடுவதையும், அதுவும் பட்டமளிப்பு வாரத்தில், அண்ணா கணக்கில் சேர்க்கவில்லை.

வானம்பாடி:
நான் போன வருடம் மகள் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். ஸ்குவரல் ஹில்லில். எனக்கு 66, எனக்கும் முழங்கால்தான்.

பஸ்ஸில் ஏறக் கால் எடுத்துவைக்க முடியுமா என்றுதான் முதலில் பயந்தேன். ஓட்டுநரிடம் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். பஸ்ஸின் முன்பக்கத்தை அப்படியே தாழ்த்திக் கொடுத்தார். முன் இருக்கைகள் வயதானவர்களுக்கு என்று ஒதுக்கியவை, எழுந்து இடம் விடுகிறார்கள். இறங்கும்போது பலரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். நானும் பழகிக்கொண்டேன்.

மகள் காலையில் வேலைக்குப் போய்விடுவாள். முதல் வாரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கழிந்தது. இரண்டாவது வாரம் நானே 61ஐப் பிடித்து ஓக்லாண்டுக்குப் போனேன். கார்னகி மியூசியத்தில் டைனோசர் எலும்புகளைப் பார்த்தேன். இன்னொரு நாள் 42 மாடி உயரமுள்ள கதீட்ரல் ஆஃப் லேர்னிங்குக்குப் போனேன். உள்ளே பல நாடுகளுக்கும் தனித்தனி வகுப்பறை அமைத்திருக்கிறார்கள், இந்திய அறையை நாளந்தாவின் சாயலில். லிஃப்ட் இருக்கிறது. தனியாகப் போய்த் தனியாக வந்தேன். அந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

காவிரிக்கரை அண்ணா, கார் எடுத்தால் நீங்கள் ஓட்டுவீர்கள். உங்கள் மனைவி? நீங்கள் களைத்துப் படுத்துவிட்டால் அவர்களும் வீட்டில்தான். யார் காரையும் எதிர்பார்க்காமல் அவர்களே வெளியே போய்வர முடிகிற ஊர் இது. அந்த வாய்ப்பைப் பறித்துவிடாதீர்கள்.

நெடுஞ்சாலை:
அக்கா, இதை நான் யோசிக்கவில்லை. என் அம்மா ஆறு மாதம் எங்கள் வீட்டில் இருந்தார்கள். ஒருநாள்கூடத் தனியாக வெளியே போனதில்லை. எங்கள் தெருவில் பஸ்ஸே கிடையாது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் இருந்தது ஸ்குவரல் ஹில். அது பஸ் நன்றாக ஓடும் இடம். தங்கும் அறையை நகரத்துக்கு வெளியே மலிவாகக் கிடைக்கிறது என்று போட்டுவிட்டால் நீங்கள் சொன்னது எதுவும் நடக்காது. அதை முதலில் கேட்டிருக்க வேண்டும். சார், எங்கே தங்குகிறீர்கள்?

காவிரிக்கரை:
இன்னும் முடிவாகவில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விலை குறைவாக ஒரு விடுதி பார்த்து வைத்திருந்தேன்.

மூன்றாறு:
வேண்டாம் சார். பணம் கொஞ்சம் கூடினாலும் ஓக்லாண்டிலோ ஷேடிசைடிலோ ஸ்குவரல் ஹில்லிலோ பாருங்கள். பையனும் பக்கத்தில் இருப்பான்.

பஸ் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை 2.75 டாலர் கொடுத்தால் மூன்று மணி நேரம் எத்தனை பஸ்ஸும் மாறலாம். காசாகக் கொடுத்தால் இந்தச் சலுகை இல்லை, சில்லறையும் திரும்பாது. டவுன்டவுனிலிருந்து ஆற்றுக்கு அடியில் வடகரைக்குப் போகும் 'டி' ரயில் அந்தப் பகுதிக்குள் இலவசம். வாஷிங்டன் மலை ஏற இன்க்ளைன் இருக்கிறது. பழனியில் விஞ்ச் பார்த்திருப்பீர்கள், அதே வகை. இரண்டு இருக்கின்றன, உங்கள் மனைவிக்கு மோனோங்கஹேலா இன்க்ளைன்தான் சௌகரியம். 1870லிருந்து ஓடுகிறது. ஸ்டேஷன் ஸ்கொயர் ரயில் நிறுத்தத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். மாலையில் ஏறுங்கள், விளக்குகள் எரியத் தொடங்கும் நேரம்.

நெடுஞ்சாலை:
கோயிலுக்குத் தனி ஏற்பாடு செய்யுங்கள், போகவர டாக்ஸி போதும். ஃபாலிங்வாட்டருக்கு மட்டும் கார் இல்லாமல் முடியாது. ஃபிராங்க் லாயிட் ரைட் அருவியின் மேலேயே கட்டிய வீடு, ஒன்றரை மணி நேர ஓட்டம், பஸ் கிடையாது. மற்ற நாட்களுக்கு நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. மழை பெய்யும் ஞாயிறு ஒன்று வரட்டும், அப்போது பேசுவோம்.

காவிரிக்கரை:
மூவருக்கும் நன்றி. விமான நிலைய விடுதியை விட்டுவிட்டேன். ஷேடிசைடில் ஒரு அறை கிடைத்திருக்கிறது. வானம்பாடி எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "அந்த டைனோசர் மியூசியத்துக்கு நானே போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். ஃபாலிங்வாட்டருக்கு மட்டும் ஒரு நாள் கார், விழா முடிந்த புதன்கிழமை போகலாமா?

நெடுஞ்சாலை:
புதன்கிழமை அங்கே விடுமுறை சார். வியாழக்கிழமைக்குப் போடுங்கள், டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடுங்கள்.